ஒரு பக்கம் கொஞ்சம் நீளம்

ஜன்னலோரத்துச் செடி வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால், ‘திரும்பியிருக்கு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொஞ்சம் நின்று பாருங்கள்! தண்டுக்குள் தசை ஏது, மூட்டு ஏது, திருப்புவதற்கு என்ன இருக்கிறது? இருட்டுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக நீண்டது, வெளிச்சப் பக்கம் கொஞ்சம் குறைவாக நீண்டது. அந்த வித்தியாசம்தான் வளைவு. விரல் தடிமன்கூட இல்லாத ஒரு தண்டுக்குள் இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு, அந்தப் பக்கத்துக்கு அவ்வளவு என்று நீளத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கிற பொருளின் பெயர் ஆக்சின். செடிக்குள் சுரக்கும் ஹார்மோன். இதை அறிந்த நாளிலிருந்து எந்தச் செடியையும் நான் சும்மா கடந்து போனதில்லை.

எங்கள் திருப்பூர் மண்ணரையில் இதை விளக்க ஓர் ஓவர்லாக் டெய்லர் போதும். பனியனுக்குக் கழுத்து ஏற்றும்போது ரிப் பட்டியைக் கழுத்து வட்டத்தைவிடக் குட்டையாகத்தான் வெட்டி வைப்பார்கள். அதை இழுத்துப் பிடித்து உடம்புத் துணியோடு சேர்த்து ஓட்டிவிட்டால், நீளமானதும் குட்டையானதும் ஒரே தையலில் மாட்டிக்கொண்டு, குட்டையான பக்கமாக அழகாக வளைந்து படியும். யாரும் துணியை வளைக்கவில்லை, இரண்டு ஓரங்களின் நீளம்தான் வேறு. முளைவிட்ட பயிரும் இதைத்தான் செய்கிறது, அதுவும் ஒரே இரவில்.

முளைப்பாரி வளர்க்கிற அறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று விளங்கும். மாரியம்மனுக்குப் பூச்சாட்டிய பிறகு, சட்டியில் மண்ணும் எருவும் போட்டு, நவதானியம் தூவி, தண்ணீர் தெளித்து, வெளிச்சம் படாமல் கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். வெளியே எடுக்கும் நாளில் பார்த்தால் வெளிர் மஞ்சளாக, மெல்லிசாக, முழ உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும். வெளிச்சம் கிடைக்காத முளை தன்னிடமிருக்கும் சேமிப்பையெல்லாம் உயரத்தில் கொட்டுகிறது. ஆக்சினும், வேறு ஹார்மோன்களான ஜிப்ரலினும் பிராசினோஸ்டீராய்டும் சேர்ந்து அதை மேலே மேலே தள்ளுகின்றன. வெளிச்சம் பட்டதுதான் தாமதம், அந்த ஓட்டம் அடங்கி, இலை விரிந்து, பச்சை ஏற ஆரம்பித்துவிடும். அதே அறையின் ஓட்டில் ஒரே ஒரு பிளவு இருந்து அதன் வழியே வெளிச்சக் கீற்று விழுந்தால் என்ன ஆகும்? சட்டி முழுக்கவும் அந்தப் பிளவை நோக்கிச் சாய்ந்து நிற்கும். அறையை இருட்டாக வைக்கவேண்டும் என்று பெண்கள் ஏன் அத்தனை கறாராக இருக்கிறார்கள் என்பதற்குச் சாமி காரணம் ஒன்று உண்டு. செடிக் காரணம் இது. எனக்கு இரண்டுமே உயர்வு.

பயறு முளைக்கும் விதத்தை நெருக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? கொழுந்து நிமிர்ந்து மண்ணை முட்டாது. கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, வளைந்த கழுத்தால் மண்ணைப் பிளந்துகொண்டு வரும், கொழுந்து நசுங்காமல். அந்தக் கொக்கியும் நீளக் கணக்குத்தான்! வளைவின் உள்பக்கத்தில் ஆக்சின் அளவு மிஞ்சித் தேங்கி அந்தப் பக்கத்தின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துகிறது. கூடவே எத்திலீன் என்ற ஹார்மோன் இருந்து கொக்கியைக் காக்கிறது. வெளிச்சம் பட்டவுடன் உள்பக்கம் வளர்ந்து ஈடுகட்ட, தலை நிமிர்கிறது.

நான் மாடியில் செய்து பார்த்து மெய்ம்மறந்த சோதனையைச் சொல்கிறேன். செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஒரு பிடி மக்காச்சோளம், நூல் கோன் வரும் அட்டைப்பெட்டி ஒன்று, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாள் கொஞ்சம். சோளம் முளைக்கும்போது முதலில் ஊசிபோல ஓர் உறை வரும். முளைக்குருத்து உறை என்று பாடப் புத்தகம் சொல்வது அதைத்தான். இருட்டில் முளைக்கவிட்டு, உறை அரை விரல் உயரம் வந்ததும், சிலவற்றின் நுனியில் மட்டும் வெள்ளித்தாளில் குட்டித் தொப்பி செய்து மாட்டினேன். சிலவற்றுக்கு நுனியை விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியை மட்டும் பொடிமணலால் மூடினேன். மிச்சத்தை அப்படியே விட்டேன். பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் துளை. மறுநாள் மூடியைத் திறந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. வெறும் முளைகள் துளையைப் பார்த்து வளைந்திருந்தன. மணல் மூடியவையும் வளைந்திருந்தன. தொப்பி போட்டவை மட்டும் நேராக நின்றன. வளையவேண்டிய கழுத்துக்கு நல்ல வெளிச்சம், நுனிக்கு மட்டும்தான் மறைப்பு. ஆனாலும் வளையவில்லை! வெளிச்சத்தைப் பார்ப்பது நுனி, வளைவது கழுத்து. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று பயணம் செய்கிறது.

சார்லஸ் டார்வினும் அவர் மகன் ஃபிரான்சிஸும் ஒரு புல்வகையின் முளைகளில் இதைச் செய்து பார்த்து 1880இல் புத்தகமாக எழுதினார்கள். பரிணாமத்தைச் சொன்ன அதே டார்வின்தான். முதிய வயதில் மகனோடு உட்கார்ந்து புல்முளைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மேலுள்ள மரியாதை எனக்கு இதனாலேயே இரண்டு மடங்கானது.

அந்த ‘ஏதோ ஒன்று’ எது? டென்மார்க்கின் பாய்சன் யென்சன் நுனியை வெட்டி, நடுவில் ஜெலட்டின் வைத்து மறுபடி ஒட்டினார். வளைந்தது. நிழல் பக்கத்தில் மட்டும் அபிரகத் தகட்டைச் செருகி வழியை அடைத்தார். வளையவில்லை. ஆக, ஈரத்தில் கரைந்து இறங்கும் ஒரு பொருள், நிழல் பக்கமாக இறங்குகிறது. ஹங்கேரியின் பால் 1919இல் நுனியை வெட்டி, கும்மிருட்டில், தண்டின் ஒரு ஓரமாகத் தள்ளி வைத்தார். வெளிச்சமே இல்லாமல் வளைந்தது! நுனி உட்கார்ந்த பக்கம் நீண்டு, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. பிறகு வந்தார் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இவர் அப்பாவே தாவரவியல் பேராசிரியர். வென்ட் ஓட்ஸ் முளை நுனிகளை வெட்டி அகர் கட்டியின் மேல் அடுக்கிவைத்தார். கொஞ்ச நேரம் கழித்து நுனிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் அகர் கட்டியை நுனியிழந்த முளையின் ஓரத்தில் வைத்தார். முளை வளைந்தது. உயிருள்ள நுனியே வேண்டாம், அதிலிருந்து கட்டிக்குள் ஊறிய பொருள் போதும். எவ்வளவு ஊறியதோ அந்த அளவுக்கு வளைவு, கோணத்தை அளந்தே பொருளின் அளவைச் சொல்லலாம். 1926இல் தொடங்கி 1928இல் வெளியான வேலை இது. நம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலேயே படத்தோடு இருக்கிறது. தேர்வுக் கேள்வியாக அதை மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிற பிள்ளைகளைப் பார்த்தால், கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப்போய்ச் சோளமுளையைக் காட்டவேண்டும்போல் இருக்கிறது.

அதே 1926இல் தைவானில் குரோசாவா என்ற ஜப்பானியர், நெற்பயிர் கண்டபடி உயர்ந்து சாயும் ஒரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அங்கே பூஞ்சை சுரந்த பொருள்தான் பின்னால் ஜிப்ரலின் ஆனது. எப்பேர்ப்பட்ட ஆண்டு!

ஆக்சினைத் தனியே பிரித்தெடுத்த கதையில் ஓர் ஆச்சரியம். 1930களில் கோகலும் ஹாகன் ஸ்மிட்டும் அதைக் கண்டெடுத்தது மனிதச் சிறுநீரிலிருந்து. இன்டோல் அசிட்டிக் அமிலம் என்ற மிகச் சிறிய மூலக்கூறு. செடிக்குள் இது மிக மிகக் குறைந்த அளவில்தான் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடத்தில் செல்லின் மேலுறை அமிலத்தன்மை அடைந்து நெகிழ்ந்து கொடுக்கிறது. உள்ளேயிருக்கும் தண்ணீரின் அழுத்தம் செல்லை நீட்டுகிறது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு ஆக்சினைக் கடத்தும் புரதங்கள், எந்தச் சுவரில் போய் நிற்கின்றனவோ அந்தத் திசையில்தான் அது ஓடும். நீல வெளிச்சம் பட்டால் அதை உணரும் புரதங்கள் நுனியில் விழித்துக்கொள்ள, ஆக்சின் நிழல் பக்கம் ஒதுங்குகிறது. நீலம் என்பதைக் கவனியுங்கள். பெட்டியின் துளையில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிப் பார்த்தேன், முளைகள் கண்டுகொள்ளவே இல்லை. நீலத் தாளை ஒட்டியதும் அத்தனையும் சாய்ந்தன. நிறம் பார்த்துத் தரம் பிரிக்கிற ஊர்க்காரனான எனக்கு அது கொடுத்த பூரிப்பைச் சொல்லி முடியாது.

இதுவரை வெளிச்சம். வேரின் கதை இதைவிடச் சுவை.

கண்ணாடி டம்ளருக்குள் கட்டிங் வேஸ்ட் துணியை நனைத்துத் திணித்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தட்டைப்பயறு செருகினேன். எங்கள் பக்கம் தட்டப்பயிறு என்போம். பனியன் துணிபோல ஈரம் பிடிப்பது வேறெதுவுமில்லை, இந்தச் சோதனைக்காகவே நெய்ததுபோல இருக்கிறது. வேர் கீழே இறங்கியதும் டம்ளரைப் படுக்கவைத்தேன். வேர் நுனி மறுபடி தரையை நோக்கி வளைந்தது. இன்னொரு பக்கம் திருப்பினேன், மறுபடி வளைந்தது. வேரே படிக்கட்டுபோல ஆகிவிட்டது! பக்கத்துப் பவர்டேபிள் தையல் மெஷினில் பனியனுக்குக் கைமடித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, அதுக்குக் கண்ணு கீது இருக்குதுங்களா?” என்று கேட்டார்.

“கண்ணில்லீங்க்கா, வவுத்துக்குள்ள கல்லு இருக்குது” என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான். வேரின் நுனியை மூடிய தொப்பிக்குள், சில செல்களில் கனமான மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. செடி எப்படிச் சாய்ந்தாலும் அவை அடியில் போய் விழும். விழுந்த பக்கம் கீழ்ப்பக்கம் என்று வேருக்குத் தெரிகிறது. உடனே ஆக்சின் அந்தப் பக்கமாகத் திருப்பிவிடப்படுகிறது. இதில் அற்புதம் என்ன தெரியுமா? தண்டில் நீளத்தைக் கூட்டுகிற அதே ஆக்சின், வேரில் அதே அளவுக்கு வந்தால் நீளத்தைத் தடுக்கிறது. கீழ்ப்பக்கம் மெதுவாகி மேல்பக்கம் முந்த, வேர் கீழே குனிகிறது. தண்டில் கீழ்ப்பக்கம் முந்த, தண்டு மேலே எழுகிறது. ஒரே பொருள், ஒரே பக்கம், இரண்டு எதிரெதிர்த் திசைகள்! காற்றுக்குச் சாய்ந்த சோளக்காட்டை நாலு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். தட்டு முழுக்க நிமிர்ந்திருக்காது. கணுவில் மட்டும் முழங்கை மடக்கி மேலே ஏறியிருக்கும். கணுவின் அடிப்பக்கம் மட்டும் நீண்டிருக்கிறது.

வேர் உணர்வது எடையைத்தான் என்பதை 1806லேயே இங்கிலாந்தில் தாமஸ் நைட் காட்டிவிட்டார். ஓடைத் தண்ணீரில் சுழலும் சக்கரத்தில் விதைகளைக் கட்டி முளைக்கவிட்டார். வேர்கள் எல்லாம் சக்கரத்துக்கு வெளியே நீட்டின, தண்டுகள் நடு அச்சைப் பார்த்து வளர்ந்தன. நம் நாட்டிலும் அண்மையில் ஒன்று நடந்தது. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-60 ராக்கெட்டில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஒரு சின்னப் பெட்டிக்குள் எட்டு விதைகளை அனுப்பியது. என்ன விதை? தட்டைப்பயறு! நாலே நாளில் முளைத்தது, பிறகு இலையும் விட்டது. மேலும் கீழும் இல்லாத இடத்தில், என் டம்ளரில் இருந்த அதே பயறு. செய்தியைப் படித்த அன்று தெருவில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தேன்.

ஜகதீஷ் சந்திர போஸைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. இப்போது வங்கதேசத்தில் இருக்கும் ஃபரித்பூர் பக்கம் ஓர் ஈச்சமரம் இருந்தது. புயலில் சாய்ந்த மரம். மாலையில் தலை தரையைத் தொடும் அளவுக்குக் குனியும், காலையில் எழுந்துகொள்ளும். கும்பிடுகிற மரம் என்று மக்கள் படையல் வைத்தார்கள். போஸ் போய்க் கருவியைக் கட்டி இரவும் பகலும் அசைவைப் பதிவு செய்தார். வெப்பம் ஏறும்போது தாழ்கிறது, குளிரும்போது எழுகிறது என்று கோடு கோடாகக் காட்டினார். சாய்ந்த மரத்தை மேலே தூக்கும் புவிநாட்டமும் வெப்பமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதுதான் அந்தக் கும்பிடு என்றார். அப்போது ஆக்சினை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை. செடியின் அசைவுக்கு அவர் கொடுத்த விளக்கங்களில் எல்லாமும் இன்று நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்ட கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்து, கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கவைத்தாரே, அந்த ஆசைக்கு நான் அடிமை.

மறுபடி ஆக்சினுக்கு வருவோம். முருங்கைப் போத்து நடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். என் அமுச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, போத்து வெட்டிய கையோடு அடிப்பக்கத்தில் சாணியை அப்பிவிடுவார். “எது அடி, எது நுனின்னு மாறிப்போச்சுன்னா பாவம், அது என்ன பண்ணும் கண்ணு” என்பார். அந்தப் போத்துக்குள் ஆக்சின் எப்போதும் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் ஓடும். போத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அந்த ஓட்டத்தின் திசை மாறாது, ஏனென்றால் கடத்தும் புரதங்கள் செல்லின் அடிச்சுவரில் உட்கார்ந்துவிட்டன. அடியில் போய்த் தேங்கும் ஆக்சின்தான் அங்கே வேரை வரவழைக்கிறது. அமுச்சியின் சாணி, இருட்டிலும் அடி எதுவென்று காட்டும் அடையாளம். எத்தனை தலைமுறையின் கண் அது!

எங்கள் ஊர் மூளிக்குளத்துக் கரையில் நடக்கும்போது தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த மரங்களைப் பார்க்கிறேன். அங்கேதான் வானம் திறந்து கிடக்கிறது. ஊத்துக்குளி ரோட்டில் இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட வேம்பு, ஒல்லியாக உயர்ந்து, கூரை தாண்டியதும்தான் கிளை விட்டிருக்கிறது. ஒவ்வொரு மரமும் தனக்குக் கிடைத்த வெளிச்சத்தின் கணக்கை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. படிக்கத் தெரிந்தபின் நடைக்கு ஏது அலுப்பு?

கடைசியாகப் பருத்தி. பருத்திதான் இந்த ஊருக்குச் சோறு போடுகிறது, ஆனால் பருத்திச் செடியை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் குறைவு. இங்கே வரும் நூலுக்கான பஞ்சில் பெரும்பகுதி வெளிமாநிலங்களில் விளைந்தது. அதனால் மாடியில் தொட்டியிலேயே வளர்த்தேன். பருத்தி விவசாயத்தில் கொழுந்து கிள்ளுதல் என்று ஒரு வேலை உண்டு. ரகம் என்றால் 70-80 நாளில் 15ஆம் கணுவுக்கு மேலே, வீரிய ஒட்டு என்றால் 85-90 நாளில் 20ஆம் கணுவுக்கு மேலே நுனியைக் கிள்ளிவிடவேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. உச்சிக் கொழுந்து உயிரோடு இருக்கும்வரை அதிலிருந்து இறங்கும் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கி வைக்கிறது. உச்சி போனால் மேலே போகிற ஓட்டம் நின்று, சத்து காய்க்கும் கிளைகளுக்குத் திரும்புகிறது. செடி முருங்கையையும் முக்கால் மீட்டர் உயரத்தில் இதற்காகத்தான் கிள்ளுகிறார்கள்.

நுனியை வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தால், உச்சி இல்லாவிட்டாலும் பக்கமொட்டுகள் அடங்கியே கிடக்கும் என்று திமானும் ஸ்கூக்கும் 1930களில் அவரைக் குடும்பத்துச் செடியில் காட்டினார்கள். ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோனுக்கும் இதில் பங்குண்டு என்பது 2008இல்தான் வெளிவந்தது. உச்சி போனதும் மொட்டுகளுக்கு ஓடிவரும் சர்க்கரையும் அவற்றை எழுப்புகிறது என்று பிறகு தெரிந்தது. விஷயம் இன்னும் விரிந்துகொண்டேதான் போகிறது, அதுவே எனக்குக் கொண்டாட்டம்.

ஆக்சினின் செயற்கைத் தம்பி நாஃப்தலீன் அசிட்டிக் அமிலம். மொட்டும் பிஞ்சும் உதிராமலிருக்கப் பருத்திக்கு 60ஆம் நாளும் 90ஆம் நாளும் 40 பிபிஎம் அளவில் தெளிக்கச் சொல்வார்கள். பிளானோஃபிக்ஸ் என்று கேட்டால் உரக்கடையில் தருவார்கள். இந்த ஆவணியில் இரண்டு தொட்டி போடுகிறேன். இரண்டிலும் ஒரே நாளில் கொழுந்தைக் கிள்ளி, ஒன்றின் வெட்டுவாயில் மட்டும் அந்த மருந்தை லானோலின் களிம்பில் குழைத்துத் தடவுவேன். திமானும் ஸ்கூக்கும் சொன்னது பருத்திக்கும் பொருந்துமானால் ஒரு தொட்டியில் பக்கமொட்டுகள் கிளம்பும், மற்றதில் தூங்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கணுக் கணுவாக எண்ணிப் பார்க்கலாம்.